நரிதாவின் இரு தண்டவாளங்கள்

முதன்முறையாக அயல்நாடு ஒன்றில் இறங்கும் பயணிக்கு அந்நாட்டைப் பற்றிய முதல் பாடத்தைக் கற்றுத் தருவது பெரும்பாலும் அதன் ரயில்தான். குடியேற்றச் சோதனை மேசையில் நடப்பது எல்லா நாடுகளிலும் ஏறக்குறைய ஒன்றே. முத்திரை குத்துபவரின் முகபாவம்கூட அதிகம் மாறுவதில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு, அம்புக்குறிகளை நம்பி, நிலவறைக்கு இறங்கிப் பயணச்சீட்டு வாங்கும் இடத்தில்தான் மொழியும் பணமும் தூரமும் ஒருசேர வந்து எதிரே நிற்கின்றன. டோக்கியோவுக்குச் செல்ல நரிதாவில் இறங்குபவர் அங்கே ஒரு சிறு குழப்பத்தைச் சந்திக்கிறார். ஒரே தளத்தில், அருகருகே, இரண்டு ரயில் நிறுவனங்களின் வாயில்கள். ஒன்று ஜேஆர், மற்றொன்று கெய்செய். இரண்டும் டோக்கியோவுக்கே போகின்றன. இரண்டும் ஒரே சுரங்கத்தின் வழியாகவே வெளியேறுகின்றன. ஆனால் ஒன்றுக்கு வாங்கிய சீட்டு மற்றொன்றில் செல்லாது.

வழிகாட்டி நூல்கள் இதற்கு நல்ல விளக்கம் தருகின்றன. ஜேஆரின் நரிதா எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் டோக்கியோ நிலையத்தில் கொண்டுபோய் விடும். அங்கே பல வண்டிகள் இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி ஷின்ஜுகு பக்கமும் மறுபாதி யோகோஹாமா பக்கமும் போய்விடும் என்பதால் எந்தப் பெட்டியில் உட்காருகிறோம் என்பதில் கவனம் வேண்டும். கெய்செய்யின் ஸ்கைலைனர் நிப்போரிக்கும் உவெனோவுக்கும் செல்லும், விரைவானது. அவசரமில்லாதவர்களுக்கு இரு நிறுவனங்களிலும் மலிவான சாதாரண வண்டிகள் உண்டு. பயனுள்ள தகவல்கள்தாம். ஆனால் ஒரு விமான நிலையத்தின் அடியில் இரு நிறுவனங்கள் ஒரு சுரங்கத்தை ஏன் பங்கிட்டுக்கொள்கின்றன என்று எந்த வழிகாட்டி நூலும் சொல்வதில்லை. பயணிகளாகிய நாமும் கேட்பதில்லை. மீனம்பாக்கத்தில் இறங்கி, பெட்டிகளுடன் சாலையைக் கடந்து திரிசூலம் நிலையத்தில் மின்சார ரயில் பிடித்த தலைமுறைக்கு, விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் வந்து நிற்பதே வியப்புக்குப் போதுமானதாக இருந்தது.

நாங்கள் அக்கேள்வியைக் கேட்கத் தொடங்கியது வரும்போது அல்ல, திரும்பும்போது. 2000களின் முற்பகுதியில், ஊர் திரும்பும் நாளன்று ரயிலை விட்டு இறங்கிச் சீட்டு வாயிலைத் தாண்டியதும் வரிசையொன்று நின்றது. சீருடைக் காவலர்கள் பணிவுடன் கடவுச்சீட்டைக் கேட்டார்கள், பார்த்தார்கள், தலை தாழ்த்தித் திருப்பித் தந்தார்கள். விமானச் சீட்டுச் சோதனைக்கும் குடியேற்றச் சோதனைக்கும் வெகு முன்பாக, ரயிலில் வந்தவர் என்பதற்காகவே ஒரு சோதனை. வழியனுப்ப வந்த நண்பரும் தம் அடையாள அட்டையைக் காட்ட வேண்டியிருந்தது. காரணம் கேட்டபோது அவர் சொன்ன விடை ஒரு சொல்தான்: சன்ரிசூகா.

இதைச் சொல்வதற்கு முன் உலக வரலாற்றைச் சற்று விரைவாகக் கடந்துவிடலாம். விமானத்தையும் ரயிலையும் இணைக்கும் எண்ணம் புதிதன்று. பெர்லினின் டெம்பல்ஹோஃப் விமானத் திடலுக்கு 1927இலேயே சுரங்க ரயில் வந்துவிட்டது. லண்டனுக்குத் தெற்கே கேட்விக்கில் 1936இல் திறக்கப்பட்ட வட்ட வடிவக் கட்டடத்திலிருந்து ரயில் நிலையத்துக்குச் சுரங்க நடைபாதை இருந்தது. ஆயினும் ஹீத்ரோ 1946இல் பயணிகளுக்குத் திறக்கப்பட்டு 31 ஆண்டுகள் கழித்து, 1977 டிசம்பரில்தான் சுரங்க ரயிலைக் கண்டது. டோக்கியோவின் பழைய விமான நிலையமான ஹனேதாவுக்கு 1964 செப்டம்பரில், ஒலிம்பிக் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பாக மோனோரயில் வந்தது. இவற்றிலெல்லாம் தாமதத்துக்குக் காரணம் பணம், அல்லது அலட்சியம், அல்லது காரையே நம்பிய காலத்தின் மனப்போக்கு. நரிதாவின் கதை வேறு.

நரிதா விமானங்களுக்கு முன்பே பயணிகளை அறிந்த ஊர். கி.பி. 940இல் நிறுவப்பட்டதாகச் சொல்லப்படும் நரிதாசன் ஷின்ஷோஜி ஆலயம் அங்கே இருக்கிறது. அங்கு வழிபடப்படும் ஃபுதோ மியோஓ, வடமொழி மரபில் அசலர். அவர் முன் நாள்தோறும் வளர்க்கப்படும் வேள்வித் தீக்குக் ‘கோமா’ என்று பெயர். நம் ‘ஹோமம்’தான் சீனம் வழியாக அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. இவ்வாலயத்துக்கு யாத்திரிகர்களை ஏற்றிச் செல்லவே 1909இல் ஒரு தனியார் ரயில் நிறுவனம் தொடங்கப்பட்டது. டோக்கியோவின் ‘கியோ’ எழுத்தையும் நரிதாவின் ‘நரி’ எழுத்தையும் சேர்த்து, வேறு ஒலிப்பில் வாசித்தால் கெய்செய். 1926இல் அதன் தடம் நரிதாவை எட்டியது. ஆக, விமான நிலையம் ரயிலைத் தேடிப் போகவில்லை. கோயிலுக்குப் போட்ட தடத்தின் அருகே விமான நிலையம் வந்து விழுந்தது.

‘விழுந்தது’ என்பதைத் தெரிந்தேதான் எழுதுகிறோம். 1960களில் ஹனேதா நிரம்பி வழிந்தபோது அரசு முதலில் தோமிசாதோ என்னும் இடத்தைக் குறித்தது. அங்கே கடும் எதிர்ப்பு எழவே, 1966 ஜூலை 4 அன்று அமைச்சரவை சன்ரிசூகாவைத் தேர்ந்தெடுத்தது. அங்கே மன்னர் குடும்பத்தின் குதிரைப் பண்ணை இருந்தது. அரசின் கையில் ஏற்கெனவே உள்ள நிலம் என்பதால் எளிதாக முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டார்கள். சுமார் 1,060 ஹெக்டேர் தேவை. ஆனால் அதைச் சுற்றி இருந்தவர்களில் பலர், போருக்குப் பின் அப்பண்ணையிலிருந்து பிரித்துக் கொடுக்கப்பட்ட காட்டைத் தம் கையால் திருத்திக் கழனியாக்கியவர்கள். இருபது ஆண்டு உழைப்பு அப்போதுதான் விளைச்சலாக மாறத் தொடங்கியிருந்தது. அவர்களிடம் யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. தங்கள் வயல் விமான ஓடுபாதை ஆகப்போகிறது என்பதை, டோக்கியோவில் முடிவான பின்னரே அவர்கள் அறிந்தார்கள்.

சன்ரிசூகா, ஷிபயாமா ஊர்களின் உழவர்கள் சேர்ந்து எதிர்ப்புக் கூட்டமைப்பு ஒன்றை அமைத்தார்கள். அதன் தலைவர் இஸ்ஸாகு டோமுரா, உழவுக் கருவி வியாபாரி, கிறித்தவர், ஓய்வு நேரச் சிற்பி. 1967 முதல் நகரத்து இடதுசாரி மாணவர்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். கலகத் தடுப்புக் காவலர்களுக்கு எதிராக மூதாட்டிகள் மரங்களில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். 1971இல் கட்டாய நில எடுப்பு நடந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 16 அன்று தோஹோ நாற்சந்தியில் நடந்த மோதலில் மூன்று காவலர்கள் கொல்லப்பட்டனர். நான்கு நாள் கழித்து, போரடித்துக்கொண்டிருந்த யோனே ஓகி என்னும் மூதாட்டியைக் காவலர்கள் தூக்கி அப்புறப்படுத்தி அவருடைய சிறு வீட்டை இடித்தார்கள். 1977இலும் இரு தரப்பிலும் உயிர்கள் போயின. இந்தப் போராட்டத்தைப் பொன்னிறத்தில் தீட்டிக் காட்டுபவர்கள் அந்த மூன்று காவலர்களை மறந்துவிடுகிறார்கள். வன்முறை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுபவர்களோ யோனே ஓகியை மறந்துவிடுகிறார்கள்.

திரைப்பட ஆர்வலர்கள் இவ்விடத்தில் ஷின்சுகே ஒகாவாவை நினைவுகூர்வார்கள். தம் குழுவினருடன் சன்ரிசூகாவிலேயே தங்கி, 1968 முதல் வரிசையாக ஆவணப்படங்களை எடுத்தவர் அவர். முதல் படங்களில் மோதல், பதுங்குகுழி, கோபுரம். 1973இல் வந்த ‘ஹெதா கிராமம்’ படத்திலோ காமிரா போர்க்களத்தை விட்டு விலகி ஊருக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. முதியவர்கள் பேசுகிறார்கள், நீளமாக, இடைமறிக்கப்படாமல். இழக்கவிருப்பது இத்தனை ஹெக்டேர் என்ற எண் மட்டுமல்ல, ஒரு பேச்சு முறையும் காலத்தை அளக்கும் முறையும் சேர்த்துத்தான் என்பதை அதைப் பார்த்த பின்னரே நாங்கள் உணர்ந்தோம்.

இனி ரயிலுக்கு வருவோம். நகரிலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி ஒரு விமான நிலையம் கட்டுபவர், அங்கே போய்ச் சேரும் வழியையும் கட்டத்தானே வேண்டும்? அரசின் விடை நரிதா ஷின்கான்சென்: டோக்கியோ நிலையத்திலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர், அரை மணி நேரப் பயணம். 1971இல் திட்டம் வகுக்கப்பட்டு 1974இல் வேலை தொடங்கியது. வழியிலிருந்த ஊர்களுக்கு இதனால் கிடைக்கவிருந்தது இரைச்சல் மட்டுமே. இடையில் ஒரே ஒரு நிலையம்தான் திட்டத்தில் இருந்தது. எதோகாவா வட்டாரம் 1972இல் வழக்குத் தொடுத்தது. 1978இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்த போதிலும் எதிர்ப்பு தணியவில்லை, நிலம் கிடைக்கவில்லை. 1983இல் வேலை நிறுத்தப்பட்டது. 1987இல் தேசிய ரயில்வே பிரிக்கப்பட்டுத் தனியார்மயமானபோது திட்டமும் காலாவதியானது. விமான நிலையத்தை எதிர்த்த உழவரும், ரயிலை எதிர்த்த நகரவாசியும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு அரசியல். ஆனால் இருவருடைய குறையும் ஒன்றுதான்: எங்களைக் கேட்டீர்களா?

எஞ்சியது என்ன? விமான நிலையக் கட்டடத்தின் அடியில் கட்டி முடிக்கப்பட்ட ஒரு நிலையம், அதிலிருந்து நரிதா நகரை நோக்கிச் சில கிலோமீட்டர் சுரங்கமும் மேம்பாலமும். தண்டவாளம் இல்லை, வண்டி இல்லை. டோக்கியோ நிலையத்தில் அந்த ஷின்கான்செனுக்காகக் குறித்து வைத்திருந்த இடம் 1990இல் கெய்யோ வழித்தடத்துக்குத் தரப்பட்டது. டோக்கியோ நிலையத்தில் மற்ற நடைமேடைகளிலிருந்து டிஸ்னிலாந்து செல்லும் வண்டிக்கு மாறுவதற்குள் கால் கடுக்க நடக்க வேண்டியிருப்பது ஏன் என்று வியந்தவர்களுக்கு விடை இதுதான். ஓடாத ரயில் ஒன்றின் இடத்துக்கு அவர்கள் நடந்து போகிறார்கள்.

கெய்செய்யின் நிலை இன்னும் பரிதாபம். 1972இலேயே ஸ்கைலைனர் வண்டிகளைச் செய்து, நிலையத்தையும் தயாராக்கிக் காத்திருந்தது. விமான நிலையம்தான் திறக்கவில்லை. 1973 இறுதியிலிருந்து அவ்வண்டிகளை உவெனோவுக்கும் நரிதா நகருக்கும் இடையே ஓட்ட வேண்டியதாயிற்று. விமானம் ஏறுபவர்களுக்கென்று செய்த வண்டியில் மீண்டும் யாத்திரிகர்களே ஏறினார்கள். 1978 மார்ச் 30 திறப்பு நாள் என்று குறித்தார்கள். மார்ச் 26 அன்று போராளிகள் சிலர் கழிவுநீர்ப் பாதை வழியாகப் புகுந்து கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஏறிக் கருவிகளை அடித்து நொறுக்கினார்கள். திறப்பு மே 20க்குத் தள்ளிப்போனது. இடையில் மே 5 அன்று, சோகோ பணிமனையில் நின்றிருந்த ஸ்கைலைனர் வண்டி தீயிடப்பட்டது.

சோகோ என்ற பெயரில் சற்று நிற்க வேண்டும். அது பதினேழாம் நூற்றாண்டின் சகுரா சோகோரோவின் பெயர். வரிக்கொடுமை தாளாமல், தன் ஊர் மக்களுக்காக ஷோகனிடமே நேரில் மனுக் கொடுத்து, அதற்காக மனைவி மக்களுடன் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் ஊர்த்தலைவர். இதில் வரலாறு எவ்வளவு, கதை எவ்வளவு என்பது அறிஞர்களின் விவாதம். ஆனால் அவருக்கு அங்கே கோயில் உண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கபுகி நாடகமும் ஆனார். கெய்செய் தடத்தில் அக்கோயிலின் பெயரைத் தாங்கிய நிலையமும் பணிமனையும் அமைந்தன. தம்மைக் கேளாமல் எடுத்த முடிவை எதிர்த்த உழவனின் பெயர் கொண்ட இடத்தில், அதே காரணத்தால் மூண்ட போராட்டத்தில் ஒரு ரயில் எரிந்தது. நாவலாசிரியர் எவரேனும் இப்படி எழுதியிருந்தால் செயற்கை என்று நாமே குறை சொல்லியிருப்போம்.

விமான நிலையம் திறந்த மறுநாள் கெய்செய் நிலையமும் திறந்தது. ஆனால் கட்டடத்தின் அடியில் அல்ல. அந்த இடம் ஷின்கான்செனுக்காக ஒதுக்கப்பட்டது ஆயிற்றே! சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி அதற்கு இடம் கிடைத்தது. எனவே 1978 முதல் 1991 வரை ஜப்பானுக்கு முதன்முறையாக வந்தவர், கட்டடத்துக்கு வெளியே பேருந்து ஏறி, கெய்செய் நிலையத்தில் இறங்கி, உவெனோவுக்கு ரயில் பிடிக்க வேண்டியிருந்தது. தேசிய ரயில்வேயை விரும்பினால் நரிதா நகருக்கே பேருந்தில் போக வேண்டும். பலர் இரண்டையும் விட்டுவிட்டு, சாலை நெரிசலைச் சகித்துக்கொண்டு, ஹகோசாகியில் 1972இல் கட்டப்பட்ட நகர்ப்புற முனையத்துக்குப் பேருந்திலேயே போனார்கள். உலகின் மிக வேகமான ரயில்களை ஓட்டிய நாட்டில் இது நடந்தது.

விந்தை என்னவென்றால், அந்நாட்களில் விமான நிலையத்துக்காகத் தவறாமல் ஓடிய ரயில்கள் இருந்தன. பயணிகளுக்காக அல்ல, எரிபொருளுக்காக. குழாய்ப் பாதைக்கும் எதிர்ப்பு எழுந்து வேலை இழுபட்டதால், 1978 முதல் 1983 வரை விமான எரிபொருள் சரக்கு ரயில்களிலேயே கொண்டுவரப்பட்டது. ஓட்டுநர் சங்கம் அதை எதிர்த்துப் போராடியது. பெட்ரோலுக்கு ரயில், மனிதருக்குப் பேருந்து!

முடிச்சு அவிழ்ந்த விதமும் வியப்பூட்டுவதே. 1988இல் போக்குவரத்து அமைச்சராக இருந்தவர் ஷின்டாரோ இஷிஹாரா. இளம் வயதில் அகுதகவா பரிசு பெற்ற நாவலாசிரியர், பின்னாளில் டோக்கியோ ஆளுநர். அவருடைய அரசியல் கருத்துகள் பலவற்றை நம்மால் ஏற்க முடியாது. ஆனால் கட்டடத்தின் அடியில் பத்தாண்டு இருட்டில் கிடந்த நிலையத்தை நேரில் சென்று பார்த்து, இதைப் பயன்படுத்துங்கள் என்று பணித்தவர் அவர்தான். யார் பயன்படுத்துவது? இரட்டைத் தடத்துக்காகக் கட்டிய சுரங்கம். ஒரு தடம் ஜேஆருக்கு, மறுதடம் கெய்செய்க்கு என்று பிரித்தார்கள். சொத்துப் பிரித்த அண்ணன் தம்பி வீட்டில் நடுவே சுவர் எழுவதுபோல! இருவருக்கும் ஆளுக்கொரு ஒற்றைத் தடம். 1991 மார்ச் 19 அன்று நரிதா எக்ஸ்பிரஸும் ஸ்கைலைனரும் கட்டடத்தின் அடிக்கே வந்து நின்றன. இன்றும் அந்த ஒற்றைத் தடத்தில் எதிர்வண்டிக்காகக் காத்திருக்கும் நேரங்கள் உண்டு. ஜன்னலோரத்தில் அமர்ந்த பயணி, ஜப்பானிய ரயில் ஏன் நடுவழியில் நிற்கிறது என்று வியந்தால், அந்த நிறுத்தத்தின் காரணம் 1966 ஜூலையில் தொடங்குகிறது.

அதன் பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1991 இறுதியில் உழவர்களும் அரசும் ஒரே மேசையில் அமர்ந்து பேசத் தொடங்கினார்கள். 1993இல் கட்டாய நில எடுப்பு கைவிடப்பட்டது. 1995இல் பிரதமர் தோமிஈச்சி முராயாமா உழவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். முடிவெடுத்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டாம் ஓடுபாதை 2002இல் திறந்தபோது அதன் நீளம் 2,180 மீட்டர். திட்டமிட்ட 2,500 மீட்டரை, வழியில் இருந்த நிலத்தைத் தவிர்த்து வேறு திசையில் நீட்டி, 2009இல் எட்டினார்கள். 2010 ஜூலையில் கெய்செய் ஒரு புதிய நேர்வழியைத் திறந்தது. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம், நிப்போரியிலிருந்து இரண்டாம் முனையத்துக்கு 36 நிமிடம். அதன் கடைசிப் பகுதி, ஷின்கான்செனுக்காகக் கட்டிக் கைவிடப்பட்ட அதே கட்டுமானத்தின் மீதுதான் ஓடுகிறது. எங்களை வியக்கவைத்த அந்தக் கடவுச்சீட்டுச் சோதனை 2015 மார்ச் 30 அன்று நிறுத்தப்பட்டது. இப்போது செல்பவர்களுக்கு அந்த வரிசை இருந்த இடம்கூடத் தெரியாது.

பழைய கெய்செய் நிலையம் மூடப்படவில்லை. 1991இல் ஹிகாஷி நரிதா, அதாவது கிழக்கு நரிதா என்று பெயர் மாறிற்று. 2002இல் அங்கிருந்து ஷிபயாமாவுக்கு 2.2 கிலோமீட்டர் ரயில் போட்டார்கள். விமான நிலையம் குறுக்கே வந்ததால் வழி துண்டிக்கப்பட்ட ஊராருக்கு ஈடாகத் தந்தது. ஜப்பானின் மிகக் குறுகிய ரயில் நிறுவனம் என்று சொல்கிறார்கள். அடுத்த முறை நரிதாவில் விமானத்துக்குச் சில மணி நேரம் மிச்சமிருந்தால், இரண்டாம் முனையத்தின் அடியிலிருந்து செல்லும் சுரங்க நடைபாதையைத் தேடிப் பாருங்கள். ஏறத்தாழ 500 மீட்டர் நீளம், ஆள் நடமாட்டம் மிகக் குறைவு. மறுமுனையில் ஒரு காலத்தில் ஜப்பானுக்கு வந்தவர்களையெல்லாம் ரயிலேற்றிய அகன்ற கூடம், பாதி இருட்டில் இருக்கிறது. அதில் பயன்படாத ஒரு நடைமேடையும், அதன் மீது பழைய பெயர்ப் பலகையும் உண்டு. நாங்கள் நின்ற அரை மணியில் வந்த வண்டியிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் கையில் துணிப்பையில் கட்டிய கீரை இருந்தது.